கண் பார்க்கிறது, கை அளப்பதில்லை

“பிள்ளை முகமே சரியில்ல, என்னமோ பண்ணுது” என்று வீட்டில் ஒருத்தி சொல்லிச் சில மணி நேரம் கழித்துத்தான் பல காய்ச்சல்கள் தெர்மாமீட்டருக்குத் தெரியவருகின்றன. எடுத்த பொம்மையை உடனே கீழே போடுவது, பால் குடிக்கையில் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அழுகையின் சத்தம் மாறுவது என்று நோயின் முதல் தடயங்களைத் தாயும் பாட்டியும் பார்த்துவிடுகிறார்கள். எந்த மருத்துவருக்கும் இந்த வசதி கிடையாது. அவர் குழந்தையைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். உடம்பு நன்றாக இருந்த நாளில் அது எப்படிச் சிரித்தது, எவ்வளவு சாப்பிட்டது என்று அவருக்குத் தெரியாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் பொதுவான அபாய அறிகுறிகளைப் பாருங்கள்: பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம். இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கருவி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் போதும்.

நோயுற்ற சிறு பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி நாம் பேச ஆரம்பித்தால், பேச்சு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு கட்சிக்குக் கைவைத்தியம் எல்லாம் அறிவுக் களஞ்சியம். மற்றதற்கு எல்லாம் மூடநம்பிக்கை. மருந்து எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்பதையே இரண்டு தரப்பும் விசாரிக்கின்றன. நான் விசாரிக்க விரும்புவது வேறொன்று: எவ்வளவு கொடுத்தோம், எத்தனை மணி நேரம் காத்திருந்தோம், எத்தனை தடவை எண்ணினோம். நம் வீடுகள் பார்ப்பதில் கெட்டி, அளப்பதில் பலவீனம். பாட்டி வைத்தியத்திலும் இதே குறைதான், மருந்துக்கடை சிரப்பிலும் இதே குறைதான்.

வயிற்றுப்போக்கில் இது நன்றாகத் தெரியும். கைக்குழந்தைக்குப் பேதி நிற்காமல் போனால் உச்சிக்குழி உள்வாங்கும். அதைக் கண்டு “உச்சி விழுந்துடுச்சு” என்று பதறும் பாட்டி பார்த்தது முழு உண்மை. உடம்பில் நீர் வற்றியதற்கான மிகத் தெளிவான அடையாளங்களில் அது ஒன்று. மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படுவது. ஆனால் அடுத்த அடியில் பிசகு வந்துவிடுகிறது. விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டு, குழிந்த இடத்தில் விளக்கெண்ணெயைக் குழைத்து வைக்கிறார்கள். தண்ணீர் போக வேண்டியது வாய் வழியே. “தொக்கம் விழுந்திருக்கு, எடுத்துட்டா சரியாப் போகும்” என்று அதற்கென்று இருப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும், “பல்லு மொளைக்குது, அதான் போகுது” என்று சும்மா இருந்துவிடுவதும் இதே வகைதான். தொக்கம் எடுப்பதாகச் சொல்லி வயிற்றைத் தடவிவிட்டதால் மட்டும் ஒரு பிள்ளை சாகாது. அங்கே போய்த் திரும்பும் அந்தப் பகல்பொழுதில் ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகாமல் இருந்தால் சாகும்.

எல்லாவற்றிலும் கெடுதலானது “வயித்துக்கு ஓய்வு குடு” என்ற பழக்கம். பாலை நிறுத்து, சோற்றை நிறுத்து, தண்ணீரையும் குறை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்ற கணக்கு. தாய்ப்பால் கொடுப்பவளுக்கும் சேர்த்துப் பத்தியம் போட்டு அவளையும் பட்டினி போடும் குடும்பங்கள் உண்டு. நியாயமாகச் சொன்னால் இந்தப் பழியைப் பாட்டிகள் மேல் மட்டும் போட முடியாது. குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பதை மேலை மருத்துவமும் நெடுங்காலம் போதித்தது. பேதி கண்ட பிள்ளைக்கு உணவை நிறுத்திவைத்த மருத்துவமனைகள் ஏராளம். அங்கே பாடம் திருத்தப்பட்டுவிட்டது. திருத்தப்பட்ட பாடம் எல்லா அடுப்படிகளுக்கும் வந்து சேரவில்லை.

நம் அடுப்படியில் அதற்கான மருந்தின் பாதி எப்போதும் இருந்தது என்பதுதான் வருத்தம். உப்புப் போட்ட வடிகஞ்சி, நொய்க்கஞ்சி, பொரிக்கஞ்சி எல்லாம் மாவுச்சத்தும் உப்பும் நீரும் சேர்ந்தவை. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது என்பதை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். கடும் பேதியிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1953இல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி காலராவுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். கூடவே அவர் பயன்படுத்தியது நம் வீட்டுக் கொல்லையில் வளரும் ஓமவல்லியின் இலைச்சாறு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச்சேரும் ஒருவகை மாவுச்சத்தை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தால் காலராவில் பேதி குறைகிறது என்று 2000இல் காட்டியது. ஆகக் கஞ்சியை ஏளனம் செய்ய எவருக்கும் இடமில்லை.

ஆனால் கஞ்சியில் எவ்வளவு உப்பு? ஒரு வீட்டில் சிட்டிகை, இன்னொரு வீட்டில் கைநிறைய. உப்பு குறைந்தால் பயன் குறைவு. கூடினால் நீர் வற்றிய பிள்ளையின் ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும். கஞ்சி எத்தனை நாளைக்கு? வெறும் தெளிவுக் கஞ்சியில் ஒரு வாரம் ஓட்டினால், பேதி நின்றபின் எடை குறைந்து கன்னம் வற்றிய பிள்ளைதான் மிஞ்சும். குழைந்த சோறும் பருப்பும் வாழைப்பழமும் நோயின் முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம். தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது.

கையால் அளக்க முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 தொடங்கிப் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு ஒரு கரைசலைக் கற்றுக்கொடுத்தது: மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கற்றுக்கொடுத்துவிட்டு வந்துவிடவில்லை. சில வாரம் கழித்து வேறு ஆட்கள் போய், அந்தத் தாய் சரியாகக் கலக்கிறாளா என்று சோதித்தார்கள். அவள் நினைவில் வைத்திருந்த அளவைப் பொறுத்தே கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் மூன்று விரல் அங்கே தராசாகவே ஆயிற்று. உலகத்தில் நடந்த மிகப் பெரிய மருத்துவக் கல்விகளில் ஒன்று என்று அதைச் சொல்வேன். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் செய்தது இதன் முன்னோடி. சலைன் தீர்ந்து, கவனிக்க ஆள் போதாமல், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து நோயாளிகளின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே 3.6 விழுக்காடாக இறங்கியது. காப்பாற்றியவர்கள் தாயும் தகப்பனும் அக்காவும்தான்.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு (ஓஆர்எஸ்) ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் தூள். அதில் சர்க்கரை 13.5 கிராம். நம் கடைகளில் லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கும் வீடுகள் உண்டு. இன்னொரு பக்கம், பெயரில் ‘ஓஆர்எஸ்’ என்று போட்டுக்கொண்டு பல மடங்கு சர்க்கரையுடன் விற்ற பெட்டிப் பானங்கள். அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியபின், 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடை செய்தது. தாய் அளவு தெரியாமல் இருந்தாள் என்று சொல்வதற்கு முன், அளவைச் சொல்ல வேண்டியவர்கள் இத்தனை காலம் என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பேதி கண்ட பிள்ளைகளில் சுமார் 60 விழுக்காட்டினருக்கே அந்தக் கரைசல் கிடைத்திருக்கிறது. பேதிக்குக் கூடவே தர வேண்டிய துத்தநாகம் கிடைத்தது 30 விழுக்காட்டினருக்குத்தான். இரண்டுமே அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைப்பவை.

கொடுக்க வேண்டிய அளவும் எளிது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஸ்பூன் ஸ்பூனாக. இங்கேதான் வீட்டின் பொறுமைக்கு ஈடு இணை கிடையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று ராத்திரி முழுக்கப் புகட்ட எந்த மருத்துவமனையாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு செவிலியரை உட்காரவைக்க முடியாது.

காய்ச்சலுக்கு வருவோம். நெற்றியில் ஈரத்துணி போடுவதும், வெதுவெதுப்பான நீரில் துடைப்பதும், லேசான பருத்தித் துணி உடுத்துவதும் நல்லவை. நடுங்குகிறதே என்று இரண்டு போர்வையில் சுற்றிவைப்பது நல்லதில்லை. ஆனால் உண்மையான ஆபத்து அலமாரியில் இருக்கும் பாட்டிலில். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று ஒன்று வருகிறது, 250 என்று ஒன்று வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ ஒரே மில்லியில் 100. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் தர வேண்டுமானால் முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. “போன தடவை ஒரு மூடி குடுத்தோம்” என்ற நினைவை வைத்துப் புதுப் பாட்டிலில் கொடுத்தால், ஒன்று பாதி மருந்து, இல்லையென்றால் இரட்டிப்பு. சளிக்கென்று வாங்கிய சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு வாங்கிய ஆஸ்பிரினைப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுப்பதும், ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கிய நிமுசுலைடும் இதைவிட மோசம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமுசுலைடை இந்தியா 2011இல் தடை செய்துவிட்டது.

மருந்தின் அளவைப் போலவே நாட்கணக்கும் முக்கியம்; டெங்கு காலத்தில் அது உயிரோடு விளையாடும். மூன்றாம் நாளுக்குமேல் காய்ச்சல் இறங்கியதும் வீடே பெருமூச்சு விடுகிறது. நிலவேம்பும் கொடுத்தாயிற்று, காய்ச்சலும் விட்டாயிற்று என்று பிள்ளையைத் தூங்கவிடுகிறார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சிநிலை வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை என்று பார்க்க வேண்டிய நாள் காய்ச்சல் விட்ட நாளே. நிலவேம்பைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. அது தரும் நிம்மதி பார்க்கிற கண்ணை மூடிவிடக் கூடாது.

சளியிலும் மூச்சுத்திணறலிலும் நம் வீடுகள் ரொம்பத் தடுமாறுகின்றன. இருமலின் சத்தத்தைக் கேட்கிறோம், மூச்சை எண்ணுவதில்லை. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இதைப் படித்தவர்களால்தான் செய்ய முடியும் என்று சொல்பவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியைப் பார்க்க வேண்டும். அங்கே அபய் பங்கும் ராணி பங்கும் எழுத்தறியாத மருத்துவச்சிகளுக்காக மணிகளும் ஒரு நிமிட மணல் கடிகாரமும் வைத்த ஒரு சிறு கருவியைச் செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்தினால் போதும். கிராமத்துப் பெண்களே பிஞ்சுக் குழந்தைகளை வீட்டில் வைத்துக் கவனித்த அவர்களுடைய திட்டத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்ற ஆய்வு 1999இல் வெளிவந்தது.

நாமோ எண்ணுவதற்குப் பதிலாக எதையாவது தடவுகிறோம், ஊற்றுகிறோம். மூக்கில் எண்ணெய் விடுவது பல ஊர்களில் இன்றும் உண்டு. அது நுரையீரலுக்குள் இறங்கி ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் அப்படியே. கற்பூரம் தோல்வழியும் மூச்சுவழியும் ஏறிக் கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. உரைமருந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசத் தோன்றுகிறது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு எல்லாவற்றையும் வேகவைத்துக் காயவைத்து, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு, இதற்கு இரண்டு உரை, அதற்கு ஒரே உரை என்று எண்ணித்தான் பழைய கைகள் இழைத்தன. அது ஓர் அளவு. கடைப்பொடி வந்தபின் உரையின் எண்ணிக்கை போய், சங்கு நிறையக் கரைப்பது வந்துவிட்டது. வசம்பில் இருக்கும் பீட்டா-அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் 1968இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. சில மாதக் குழந்தைக்கு அதைத் தினமும் புகட்டுவதை என்னால் ஆதரிக்க முடியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவுமே வேண்டாம்.

மருந்துக்கடை சிரப் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த வட்டாரத்தில் இருபதுக்கும் மேல். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். சாதாரணச் சளி இருமல் தானாகவே ஆறும். சிறு பிள்ளைக்கு அந்த சிரப்பே தேவையில்லை.

நம் வீட்டுப் பராமரிப்பின் நல்லதும் கெட்டதும் ஒரே வாசலில் நிற்பது அம்மை கண்ட வீட்டில். வேப்பிலைக் கொத்துச் செருகியதும் விருந்தாளி வருவதில்லை, பிள்ளை வெளியே போவதில்லை. தொற்றுநோய்க்கு இதைவிட நாகரிகமான தனிமைப்படுத்தல் இல்லை: மிரட்டாமல், அவமானப்படுத்தாமல், நோயாளிக்கு ஒரு மரியாதையோடு. இளநீரும் நுங்கும் உள்ளே போகின்றன, பிள்ளை சொறியாமல் வேப்பிலையால் வருடிவிடுகிறார்கள், வீட்டில் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார். சின்னம்மைக்கு இது பெரும்பாலும் போதும். ஆனால் தட்டம்மைக்கும் இதே முறைதான் என்னும்போது நெஞ்சு பதறுகிறது. தட்டம்மை பிள்ளைகளைக் கொல்வது நிமோனியாவாலும் பேதியாலும்; பிழைத்தவர்களின் கண்ணையும் அது பறிக்கும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இரண்டு லட்சம் அலகு வைட்டமின் ஏ, அடுத்தடுத்து இரண்டு நாள். இந்தச் சிறு மருந்து உயிரையும் பார்வையையும் காக்கும். “ஆத்தா வந்திருக்கா, மருந்து குடுக்கக் கூடாது” என்று சொல்லி அதைத் தடுக்கும் பக்தியோடு நான் உடன்பட மாட்டேன். வேப்பிலையும் வைட்டமினும் ஒரே பாயில் இருக்கலாம். அப்படி வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

இத்தனையும் யார் செய்வது? இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன், ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை, காய்ச்சல் விட்ட நாளில் கண்கொட்டாத காவல் என்று நான் அடுக்கியதெல்லாம் ஒரு பெண்ணின் உறக்கமும் கூலியும். மத்திய அரசில் வேலை பார்க்கும் தாய்க்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கும் ஒரு நாள்கூடக் கிடையாது. காலையில் காய்ச்சல் சிரப்பைக் கொடுத்து, சூடு தணிந்த நேரத்தில் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடுபவளை அலட்சியக்காரி என்று ஏசுவது அநியாயம். அங்கன்வாடியில் விட முடியாத நாளில் அவள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காதான். அந்த அக்காவின் பள்ளிநாள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்தே பேசப்பட வேண்டியது. முகம் சரியில்லை என்று முதலில் பார்ப்பவள் தாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று தீர்மானிப்பவர் மாமியாரோ, ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பும் கணவனோ. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடுகிறது, கூப்பிடக் காசு வேண்டாம். இருந்தும் பல வீடுகளில் அவள் அனுமதிக்குக் காத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை பார்ப்போம் என்பதே கூடாது.

செய்யக்கூடியது ஒன்று கண்முன் இருக்கிறது. அங்கன்வாடியில் பிள்ளையை மாதந்தோறும் எடை போடுகிறார்கள். தாய்-சேய் நல அட்டையில் அதைக் குறிக்கிறார்கள். அந்த எடைக்குப் பக்கத்திலேயே மூன்று வகைப் பாராசிட்டமாலுக்கும் மில்லி கணக்கு, ஒரு பேதிக்கு எத்தனை மில்லி கரைசல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சைத் தொட்டால் கிளம்ப வேண்டும் என்று கிராம சுகாதாரச் செவிலியர் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த மாதம் எடை போட வரும்போது, பிராக் ஆட்கள் கேட்டதுபோல, அந்தத் தாயைக் கலக்கிக் காட்டச் சொல்லலாம். பார்த்துக்கொள்ளும் பாட்டியும் கூட வந்திருந்தால் அவரையும்.